வேலூர் டாக்டரம்மாவிடம் எனக்காக நீங்கள் சொன்னது

பிரியமுள்ள என் அத்தைக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போனபின் இரண்டு கார்த்திகை தீபம் பார்த்துவிட்டோம். இந்த முறையும் மொட்டை மாடியில் நின்று கும்பிடும்போது உங்கள் ஞாபகம்தான்.

எழுபத்தெட்டில் என்னை வேலூருக்குக் கூட்டிப்போனீர்களே, நினைவிருக்கிறதா? செல்விக்கு அப்போது நாலு வயது. மாதாமாதம் இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலிக்கும். உங்கள் பிள்ளை பக்கத்தில் வந்தாலே பயந்து, ஏதாவது சாக்குச் சொல்லி உங்கள் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்வேன். நீங்கள் ஒன்றும் கேட்டதில்லை.

டாக்டரம்மா எங்கெங்கே வலி என்று கேட்டபோது நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள்தான் வாயைத் திறந்தீர்கள். "அவ கூச்சப்படறா. புருசங்கூட இருக்கும்போதுதான் வலி ஜாஸ்தி. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்குமா?

கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார் அவர். பலருக்கும் அப்படி இருக்குமாம், எல்லாருக்கும் வலிக்காதாம். முதலில் உள்ளே ஒரு வளையம் வைத்து நிமிர்த்திப் பார்க்கலாம். அதில் வலி குறைந்தால், வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையைத் தாங்கும் நார்களைச் சுருக்கித் தைத்து முன்பக்கம் நிறுத்தலாம். பிள்ளை பெற்றால் மறுபடி தளரவும் கூடும். எதற்குமே வலி கேட்காவிட்டால் கடைசியாகத்தான் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்றார்.

வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரேயடியாக எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார் உங்கள் பிள்ளை. "வலி அவளோடது. அவளே சொல்லட்டும்" என்று நீங்கள் சொன்னீர்கள். தைத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன்.

வளையம் வைத்த மூன்று மாதமும் வலி குறைந்தே இருந்தது. பிறகு ஆபரேஷன். தையல் பிரிக்கும்வரை வார்டில் என் கட்டிலுக்குக் கீழேயே படுத்திருந்தீர்கள். இத்தனை வருஷம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரு கேட்டாங்க?" என்றீர்கள். கோபமே இல்லாத குரல். எனக்குத்தான் அழுகை வந்தது. அழுதால் தையல் இழுக்கும் என்று நீங்கள் அதட்டினீர்கள்.

உங்கள் பிள்ளையின் பக்கத்தில் பயமில்லாமல் படுத்த முதல் நாளை உங்களிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. தெரிந்துகொண்டிருப்பீர்கள். குமார் பிறந்தபிறகு இடுப்புவலி கொஞ்சம் திரும்பி வந்தது. தாங்கமுடியாத வலி இல்லை. அந்தப் பழைய வலி வரவேயில்லை.

செல்வி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். போன மாதம் சுருண்டு படுத்துவிட்டாள். பெண் என்றால் அப்படித்தான் என்று உங்கள் நாத்தனார் சொன்னார். நான் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

அத்தை, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளானாலும், நாளைக்கு குமாருக்கு வரப்போகிறவளானாலும், வலிக்கிறது என்று சொல்லும்வரை காத்திருக்க மாட்டேன். நானே கேட்பேன்.

ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குக் கீழே ஒருநாளும் படுக்க முடியாமல் போன
மருமகள்,
கௌரி