தலையை எண்ணாமல் இலையை எண்ணினேன்

14 ஜூலை 1946, ஞாயிறு
இன்றும் களி. எனக்குக் களி மேல் கோபமில்லை. போன ஆடியில் முனியப்பன் கோயிலில் நாங்கள் புதைத்த சோற்றின் மேல்தான் கோபம். கிடா வெட்டிப் பொங்கிய சோறு வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்பது எங்கள் வகையறாவின் கட்டுப்பாடு. அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், மிஞ்சினால் குழி. என் மாமியார் சின்னம்மாளுக்கோ எங்கே பத்தாமல் போய்விடுமோ என்ற பயம். படியில் கோபுரம் கட்டித்தான் அளப்பார். வருஷா வருஷம் எங்கள் வயிற்றை விடக் குழியின் வயிறுதான் நிறைகிறது.

யுத்தம் முடிந்தும் அரிசிக்குச் சீட்டு. மகள் ராஜாமணி பிரசவத்துக்கு வருகிறாள். அவள் கஞ்சிக்கென்று ஒரு பானை அரிசி ஒதுக்கி, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறேன். முனியப்பனே கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

21 ஜூலை
"இந்த வருஷம் நான் அளக்கறனுங்க அத்தே" என்றேன்.

"எத்தன பேரு வராங்கன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எண்ணிட்டாப் போவுது."

அவ்வளவுதான். "சோத்துக்குத் தலைய எண்ணுவியா? கண்ணு பட்டுடும்டி!" என்று ஒரே கூச்சல். என் வீட்டுக்காரர் மாது மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் சண்டை வந்தால் அவருக்கு மாட்டின் ஞாபகமும் வந்துவிடும்.

22 ஜூலை
தலையை எண்ணக்கூடாது. சரி — இலையை எண்ணலாம் அல்லவா?

24 ஜூலை
வீடு வீடாகச் சொல்லியாயிற்று. விருந்துக்கு வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய இலையைத் தைத்து முதல் நாளே அனுப்பிவிட வேண்டும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அத்தையும் "எலதானே, எண்ணிக்கோ" என்றார். ஆனால் பந்தியில் சோறு பத்தாவிட்டால் ஆயுசுக்கும் நான் படியைத் தொடக்கூடாதாம். ஒப்புக்கொண்டேன்.

3 ஆகஸ்ட், சனி
கெட்டேன். கட்டுக் கட்டாக இலை வந்து குவிந்திருக்கிறது. பச்சியப்பன் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். வந்திருப்பதோ ஒரு கல்யாணத்துக்கு ஆகும் இலை. "கொஞ்சமாக் குடுத்தா நல்லாவா இருக்கும் அக்கா?" என்கிறாள் அவன் பெண்டாட்டி குள்ளம்மாள். எல்லா வீட்டிலும் இதே கதை. இதில் எது ஆள், எது பெருமை என்று நான் எப்படிப் பிரிப்பேன்?

அத்தை இலையைப் பார்த்தார். அரிசியைப் பார்த்தார். கடைசியில் ராஜாமணியின் பானையைப் பார்த்தார். "எலைய வாங்கி வெச்சுக்கிட்டு சோறு இல்லேன்னா மானம் போயிடும்டி."

நானே போட்ட திட்டம். என் கையாலேயே பானையின் துணியை அவிழ்த்தேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்
இன்றுதான் வீடு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தி முடிந்தபோது பாதி இலை கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. பாதிச் சோறு அண்டாவில். இவர் மண்வெட்டியை எடுத்தார். நான் போய்க் குழி தோண்டும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரி தங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க. சோறு வூட்டுக்கு வரக்கூடாது, செரி. நாம இங்கியே இருக்கக் கூடாதுன்னு முனியப்பன் சொன்னாரா?"

பூசாரி காளியன் தாடியைச் சொறிந்தார். "அப்பிடி ஒண்ணும் சொல்லலீங்க" என்றார்.

தங்கிவிட்டோம். சோற்றில் தண்ணீர் ஊற்றினேன். குழம்பைச் சுண்டச் சுண்டக் காய்ச்சினேன். திங்கள் காலை பழையது, மத்தியானம் பழையது, ராத்திரியும் பழையது. போகிற வருகிற வண்டிக்காரர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். இவர் வேட்டியை இரண்டு தடவை தளர்த்திக் கட்டினார். "இன்னுமா இருக்குது?" என்று அத்தை அண்டாவை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்று காலை கடைசிப் பருக்கையை வழித்துத் தின்றவர் அவர்தான். "இனிமே நான் கோபுரமா அளந்தா என் கைய ஒடிச்சிடு" என்றார்.

குழி இல்லை. ஜெயித்துவிட்டேன். ஆனால் பானை காலி. பெற்ற மகளுக்குக் கஞ்சிக்கு எங்கே போவேன்? வண்டியில் வரும்போது அழுதுவிட்டேன். அத்தை பார்த்துக்கொண்டே வந்தார்.

9 ஆகஸ்ட்
விடிந்ததிலிருந்து அத்தையைக் காணோம். மிஞ்சிய இலைக் கட்டுகளையும் காணோம்.

சாயங்காலம் — வந்துவிட்டார், தலையில் கூடையோடு. வீடு வீடாகப் போய் இலையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "இந்த எலைக்கும் சேத்துத்தான் ஒல வெச்சோம். எலைக்கு ஒரு பிடி அரிசி போடு. என் பேத்தி புள்ள பெறப் போறா" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்! எனக்கு மானமே போயிற்று. சந்தோஷமும் தாங்கவில்லை. சிவப்பரிசி, வெள்ளையரிசி, யாரோ நைசாகக் கலந்த சாமை. பானை நிறைந்தது. துணியை அவரே இறுக்கிக் கட்டினார்.

28 ஆகஸ்ட்
ராஜாமணிக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம்.

"இது என்னம்மா அரிசி, கலர் கலரா?"

"எல அரிசி. பேசாமக் குடி."

3 ஆகஸ்ட் 1947, ஞாயிறு
இந்த வருஷம் எந்த வீட்டிலிருந்தும் ஓர் இலைகூட அதிகமாக வரவில்லை. மிஞ்சினால் அத்தை கூடையோடு வந்து நிற்பார் என்று ஊருக்கே தெரியும். நான் அளந்தேன், படியின் தலையைக் கையால் வழித்துவிட்டவர் அத்தை. சோறு சரியாக இருந்தது. மண்வெட்டி வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

கடைசிப் பந்தியில் உட்காரப் போனபோதுதான் தெரிந்தது: எங்கள் வீட்டுக்கு இலை தைக்க மறந்துவிட்டோம். இவருக்கு அண்டா மூடி. அத்தையும் நானும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். ஈரல் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "போதுமாடி?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.