கொடியில் காய்ந்த சட்டை

மேல் லயம், பிரிஞ்சாங்
12.8.1979

திலகத்தின் அப்பாவுக்கு நவமணி எழுதிக்கொள்வது.

நானும் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவருக்கு என்ன குறை? உங்கள் சிங்கப்பூர் முகவரியைக் கருப்பையா அண்ணன் கொடுத்தார். உங்களை அங்கே பார்த்ததாகச் சொன்னவர், வேறெதையோ சொல்ல வந்து விழுங்கிவிட்டார். நானும் கேட்கவில்லை.

நீங்கள் போன பிறகு, புருஷன் துணையில்லாமல் பிள்ளை வளர்க்கிறவள் என்று நல ஆபீசில் மாதாமாதம் உதவிப் பணம் கொடுத்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூலியோடு அதையும் சேர்த்துத்தான் அடுப்பு எரிந்தது. மூன்று மாதத்துக்கு முன் அது நின்றுவிட்டது. நான் புருஷனோடு வாழ்ந்துகொண்டே பொய் சொல்லி வாங்கினேனாம்.

பக்கத்து வீட்டுக் காளியம்மாதான் போட்டுக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். உப்பு கேட்கிற சாக்கில் வந்து வீடு முழுக்க நோட்டம் விடுகிறவள் அவள். இல்லாவிட்டால் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி. உதவிப் பணப் பாரத்தில் கையெழுத்துப் போடும்போதே அவர் முகம் சரியில்லை. இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்தினேன்.

போன வாரம் லோரியில் தொற்றிக்கொண்டு ஆபீசுக்கே போய்க் கேட்டேன். நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரம் ஓர் அதிகாரி லயத்து வீட்டுக்கு வந்தாராம். கொடியில் ஆம்பளைச் சட்டை காய்ந்ததாம். வாசலில் விளையாடிய சின்னவளிடம் யார் சட்டை என்று கேட்டிருக்கிறார். அப்பா சட்டை என்று அது சொல்லியிருக்கிறது.

குளிருக்கும் செடி கீறாமலிருக்கவும் கொழுந்துக்காரிகள் எல்லோரும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டைதான் போடுகிறோம் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? சின்னவளை அடிக்கவும் மனம் வரவில்லை. நீங்கள் விட்டுப்போன சட்டையைத் தினமும் மாட்டும்போது அப்பா சட்டை என்று சொல்லிக் கொடுத்தது நான்தானே. உங்கள் முகம் பிள்ளைக்குத் தெரியாது.

ஆனாலும் திடீரென்று விசாரிக்கச் சொல்லி அவரை யார் அனுப்பியது? “நான் வாயே திறக்கல லா” என்று காளியம்மா மாரியம்மன் மேல் சத்தியம் செய்கிறாள். சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. பஸ் ஏறும்போது நீங்களும் செய்தீர்கள்.

இந்த மாதமும் பணம் வராவிட்டால் திலகத்தைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அவளுக்குப் பதினொரு வயதுதான்.

நீங்கள் எங்களோடு இல்லை, இனி வரப்போவதும் இல்லை என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் ஆபீசுக்கு வேண்டுமாம். அதைக் காட்டினால் பணம் மறுபடியும் கொடுப்பார்களாம். அதைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே உங்கள் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வரி போதும். எழுதக் கை வரவில்லையென்றால் கடிதம் வேண்டாம், நீங்களே வந்துவிடுங்கள். சட்டை இன்னும் கிழியவில்லை.

எங்கே இருந்தாலும் முருகன் உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நவமணி