லிங்கின் கொப்பியில் மூன்று பேர்

ரண்டர்ஸ், கார்த்திகை 1989

ராணி,

வேலைக்குப் போறன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறீர். நித்திரை இல்லை எண்டு தெரியும். மீன்குழம்பு பிறிட்ஜில இருக்கு, சூடாக்கிச் சாப்பிடும். எங்கட மகன், தம்பி, வீட்டுத் திறப்பைத் துலைச்சிட்டான், அவன் பள்ளிக்கூடத்தால வரேக்கை கதவைத் திறந்துவிட வீட்டில நில்லும்.

பின்னேரம் மேல்வீட்டுச் சீனப் பிள்ளை லிங் உம்மட்டை இங்கிலீஷ் படிக்க வருவா. நேற்று 'பாமிலி' எண்ட சொல்லைப் பழகேக்கை, "உங்கட பாமிலியில எத்தினை பேர்?" எண்டு என்னட்டைக் கேட்டா. நான் "மூண்டு" எண்டன். நீர் எழும்பி அறைக்குள்ள போயிட்டீர்.

எங்கட மூத்தவள் வதனியை நான் மறக்கேல்லை. உங்களை இஞ்ச கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்தை இந்த நாட்டுக் குடிவரவுக் கந்தோர்க்காரர் கிடப்பில போட்டு வைச்சிருக்கேக்கை பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சுது, அதுக்குப் பிறகு அவளைக் குடும்பத்தில சேர்க்கமாட்டம் எண்டிட்டாங்கள். போன மாசம் உம்மையும் தம்பியையும் மட்டும்தான் வரவிட்டாங்கள். கந்தோரில மூண்டு, மூண்டு எண்டு சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு.

லிங்குக்கு இண்டைக்கு நீரே சொல்லிக் குடும்: ஒரு வீட்டில இருக்கிற ஆக்கள் மட்டும் பாமிலி இல்லை. யாழ்ப்பாணத்தில மாமி வீட்டில எங்களை விட்டுத் தனிய நிக்கிற பிள்ளையும் பாமிலிதான்.

ஜெயசீலன்

பி.கு.: லிங் தன்ர கொப்பியில மூண்டு எண்டு எழுதினவ. அதை வெட்டிப்போட்டு நாலு எண்டு எழுதச் சொல்லும். கந்தோர்க் கடதாசியில அதை மாத்த என்னால ஏலாமப் போச்சு.