ஏரிக்கரை பெஞ்சில் ஒரு செவ்வாய்க்கிழமை

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். அண்ணன் மகள் கல்யாணப் பந்தியில், எல்லார் முன்னாலும், "அக்காவுக்கு அடுப்படியை விட்டா உலகம் ஏது?" என்று நீ சிரித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்று நீ கட்டியிருந்ததும் என் புடவைதான்.

போன செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல மகளின் தையல் கடைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆறு வருடமாக அதே பஸ், அதே ஜன்னல் சீட்டு, அதே ஏழாவது நிறுத்தம். அன்று எழுந்திருக்க மனம் வரவில்லை.

"பாட்டி, உங்க ஸ்டாப்பு!" என்றார் கண்டக்டர்.

"தெரியும்ப்பா, வண்டிய எடு."

கடைசி நிறுத்தம்வரை போனேன். நீ அங்கே இருக்கிறாய் என்பதற்காக அல்ல. பஸ் அங்கேதான் போகிறது.

ஏரிக்கரை பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அப்படி ஒரு காற்று! முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பசித்தது, மகளின் சாப்பாட்டை நானே சாப்பிட்டுவிட்டேன். உடனே போன் வந்தது.

"அம்மா, எங்க இருக்கே? பசி உயிர் போகுது!"

"ஏரிக்கரையில."

"அங்க உனக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லடி. அதுக்குத்தான் வந்தேன்."

விழுந்து விழுந்து சிரித்தாள். இனி செவ்வாய்க்கிழமைகளில் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்வாளாம்.

திரும்பும்போது உன் தெரு வழியாக நடந்தேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். இளைத்துவிட்டாய். நான் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்?

வருகிற செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு அதே பெஞ்சில் இருப்பேன். இரண்டு பேருக்குச் சாப்பாடு இருக்கும். நீ வந்தால் நகர்ந்து உட்காருவேன். ஆனால் முதல் வார்த்தை நீதான் பேச வேண்டும். நான் மூத்தவள்.

கோபம் இன்னும் தீராத,
அக்கா