பதினொரு மணிக்கு இன்டர்வியூ

ஓமனில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. வீடியோ இன்டர்வியூ. மரக்காணத்து வீட்டில் நெட் நிற்காது என்பதால் ஹம்னா குயிலாப்பாளையத்துத் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். நேற்றைய சண்டைக்குப் பிறகு பேசாமலே கணவன் தவுசீப் கடை திறக்கப் போய்விட்டான். தோளில் பையுடன் நின்றபடியே காலண்டர் தாளில் எழுதினாள்:

"மீன் குழம்பு இருக்குது, சுட வெச்சுக்கோங்க. சாவி பக்கத்து வீட்டு கரீமாக்காகிட்ட. நேத்து பிராக்டிஸுக்கு நீங்கதான் கேள்வி கேட்டீங்க. 'குடும்பத்த விட்டுட்டு ஏன் வர்றீங்க?'ன்னதும் நான் கத்திட்டேன், தப்புதான். ஆனா நீங்க ஒன்பது வருஷம் துபாய்ல இருந்தப்ப உங்ககிட்ட யாரும் அதக் கேக்கல."

கடைசி வரியை அடிக்கப் போனாள், அடிக்கவில்லை. செருப்பு மாட்டி வாசல்வரை போனவள், பஸ்ஸுக்கு நேரமாகியும் திரும்பி வந்து, தாளின் அடியில் இடுக்கி எழுதினாள்:

"பதினொன்னுக்கு ஆரம்பம். துவா பண்ணுங்க. வேல கெடச்சா உங்களுக்கும் விசா தர்றாங்க. நேத்தே சொல்லியிருப்பேன். அது தெரியாமலே நீங்க 'போயிட்டு வா'ன்னு சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."