மாப்பிள்ளைக்கு ஏற்றிய வெளிச்சம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய முட்டிவலியையும் என்மேல் அவளுக்கு இருக்கும் கோபத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால். உனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, கால் வீங்கும், நின்றுகொண்டே வேலை பார்க்காதே. நீ அனுப்பிய பத்திரிகை செவ்வாய்க்கிழமை வந்தது. படம் எடுக்க வருகிறவர்களை உட்காரவைக்கும் ஸ்டூலிலேயே உட்கார்ந்து உன் கதையைப் படித்து முடித்தேன். நடை நன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என்னை ஏன் சலவைக்கடைக்காரன் ஆக்கினாய் என்றுதான் புரியவில்லை. கறுப்பின மருமகனைச் சட்டை மாதிரி வெளுக்கப் பார்க்கும் மாமனார் என்று எழுதினால் அது யார் என்று தெருவுக்குத் தெரியாதா. எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் படித்துவிட்டு நேராக வந்து, என்னங்க, எப்போ சலவைக்கடை போட்டீங்க என்று கேட்கிறார்.

கதையில் தகவல் பிழைகளும் இருக்கின்றன, அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அங்கேயே நடந்த உங்கள் கல்யாணத்தின் படத்தை நீ அனுப்பினாய். முப்பத்தோரு வருஷமாக இந்த ஸ்டுடியோவில் எந்த முகம் வந்தாலும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, வெளுப்பாக்கித்தான் கொடுக்கிறேன், இதுவரை ஒருவரும் போதும் என்று சொன்னதில்லை, இன்னும் கொஞ்சம் ஏத்துங்க என்றுதான் சொல்வார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் மாப்பிள்ளைக்கும் ஏற்றினேன். நீ எழுதியிருப்பதுபோல ஆளையே முழுசாக வெளுத்துவிடவில்லை, காதும் கையும் அப்படியே இருந்தன, அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது. ஹாலில் மாட்டியதும் உன் அத்தை பார்த்துவிட்டு, மாப்பிள்ளை நல்ல கலரா இருக்காரே என்றாள். நானும் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடியோவில் கூப்பிட்டபோது மாப்பிள்ளை முதலில் வந்து வணக்கம் சொன்னார். அத்தை அவரிடம், தம்பி, எங்க மாப்பிள்ளை வீட்ல இருந்தா கொஞ்சம் கூப்பிடுங்க என்று கேட்டாள். அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை, யாரோ விருந்தாளி என்றே நினைத்துவிட்டாள். நீ கற்றுக்கொடுத்த தமிழில் அவர், நான்தான் அது என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நீ சிரிக்கவில்லை.

அன்றைக்கு என்னை இனவெறி பிடித்தவன் என்றாய். நானே அட்டைக்கரி மாதிரி கறுப்பு, எனக்கு எப்படி அந்த வெறி வரும் என்று கேட்டேன், அது இன்னும் மோசம் என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். மாப்பிள்ளையைப் பற்றி நான் யாரிடமும் தப்பாகப் பேசியதில்லை. தங்கமான பிள்ளை, கொஞ்சம் நிறம் கம்மி, அவ்வளவுதான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதையும் நீ அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கிறாய். எனக்கு எங்கே கம்மி, இருக்கிறதிலேயே அதிகம் எனக்குத்தானே என்று அவர் கேட்டாராம். யோசித்துப் பார்த்தேன், கணக்கு அவர் பக்கம்தான் சரியாக வருகிறது. உன் அம்மா கதையை மூன்று தடவை படித்துவிட்டாள். கதையில வர்ற அப்பா ஆறாம் பக்கத்துலயே மன்னிப்புக் கேட்டுட்டார், நீங்க எத்தனாம் பக்கத்துல இருக்கீங்க என்று சோறு போடும்போதெல்லாம் கேட்கிறாள். அந்தப் படம் சுவரில் இருக்கும்வரை குழந்தையோடு நம் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று நீ சொன்னதை நான் வெறும் மிரட்டல் என்று நினைத்திருந்தேன், அம்மாதான், அவ உங்க பொண்ணு, சொன்னா செய்வா என்றாள்.

அதனால் நேற்றுக் காலை ஸ்டுடியோவைத் திறந்ததும் முதல் வேலையாக நீ அனுப்பிய படத்தை எதுவும் செய்யாமல் அப்படியே பிரிண்ட் போட்டேன். மாப்பிள்ளை லட்சணமாகத்தான் இருக்கிறார், தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். ஆனால் பக்கத்தில் நிற்கும் பெண் யார் என்று எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து ஹாலில் இருந்த பழைய படத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவரைவிட உனக்குத்தான் அதிகமாக ஏற்றியிருக்கிறேன். உடனே பெட்டியில் இருக்கும் உன் படங்களையெல்லாம் தரையில் பரப்பினேன். ஒரு வயதுப் படம், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது, பட்டம் வாங்கியது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, எல்லாவற்றிலும் என் கை இருக்கிறது. நீ உன் நிறத்தில் இருக்கிற படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. பார்த்துக்கொண்டே நின்ற அம்மா அப்போது ஒன்று சொன்னாள். நான்காம் வகுப்பில் உன் பள்ளிப் படத்தைக் கையில் கொடுத்தபோது, இது யாருப்பா என்று நீ கேட்டாயாம், நீதான், அப்பா அழகாக்கியிருக்கேன் என்று நான் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. அதை அவ கதையில எழுதல, பாவம்னு விட்டுட்டா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு, தகவல் பிழை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு மகளே. மாப்பிள்ளையிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்கிறேன், நடுவில் நின்று நீ எனக்காக மெருகேற்றிச் சொல்லாதே.

புதுப் படத்தை ஹாலில் மாட்டியாயிற்று. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டி, இவர்தான் மாப்பிள்ளை, இவள்தான் என் பெண் என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் புரியவே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள், மாடிப்படியில் பார்த்து ஏறு. நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகிற குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. குழந்தை பிறந்ததும் படத்தை அம்மாவுக்கு அனுப்பு, எனக்கு அனுப்பாதே. கை தன்னால் போகும், எனக்கே இன்னும் என்மேல் நம்பிக்கை வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா