ரயிலுக்கே ரயில் சார்ஜ்

18 ஆகஸ்ட் 1934, சனி. இரவு மணி 10.15. பழைய எஞ்சின் ஒன்று: விலை இருநூறு ரூபாய். ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை அதைக் கொண்டுவர ஐந்நூற்று நாற்பது.

தோல் பதனிடும் ஷாப் முதலாளி சாயபு, அவருக்காக நான் போட்ட கணக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா தம்பி, ரயிலுக்கே ரயில் சார்ஜா? தண்டவாளத்துல ஓடுனதுதானே, தானா வரட்டும்."

"அச்சு தேஞ்சுபோச்சு சாயபு. இழுத்தா பாதி வழியில சூடாகி நிக்கும். கிரேன் வெச்சுத் தூக்கி கூட்ஸ் வாகன்லதான் ஏத்தணும்."

"எனக்கு நீராவிதான் வேணும். சக்கரத்தையா தோலோட ஊறவைக்கப் போறே? பாய்லரை மட்டும் கழட்டிக் கொண்டா. மிச்சம் பழைய இரும்புக்குப் போவட்டும்."

அவர் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எரிச்சல்.

அப்பா கடைசி வரை கரி அள்ளிப் போட்ட எஞ்சின் அது. சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பும்போது இரண்டு தரம் சின்னதாக விசில் ஊதுவார். அம்மா உடனே உலை வைப்பாள். "சம்சாரத்துக்கு சிக்னல் போட்டுட்டான்யா" என்று ரயில்வே லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேலி செய்வார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

முழு எஞ்சினும் ஆம்பூருக்கு வருகிறது என்று போன வாரம் அவளிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இன்று சோறு போடும்போது கேட்டாள்.

"உங்கப்பா வண்டி எப்படா வருது?"

"வரும்மா" என்றேன்.

இனி செய்ய வேண்டியது:

1. ஜோலார்பேட்டையில் பாய்லர் கழற்ற நான்கு ஆட்களைப் புதன்கிழமைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.
2. பாய்லருக்கு மட்டும் வாகன் கேட்க வேண்டும்.
3. செவ்வாய் காலை பாசஞ்சரில் அம்மாவை ஜோலார்பேட்டைக்கு அழைத்துப் போக வேண்டும். ஏன் என்று போகும் வழியில் சொல்லிக்கொள்ளலாம்.